குதிரைச் சட்டமும் தலையாட்டியும்

1996ஆம் ஆண்டு சிக்காகோ பல்கலைக்கழகத்தில் இணையமும் சட்டமும் பற்றி ஒரு கருத்தரங்கு நடந்தது. அங்கே பேச அழைக்கப்பட்டவர்களில் ஒருவர் மேன்முறையீட்டு நீதிமன்ற நீதிபதி பிராங்க் ஈஸ்டர்புரூக். கருத்தரங்குக்கு வந்தவர், இப்படியொரு பாடமே தேவையில்லை என்று வாதிட்டார். குதிரை விற்றதில் வழக்கு வரும். குதிரை உதைத்ததில் வழக்கு வரும். குதிரைப் பந்தயத்தில், குதிரை வைத்தியத்தில் எல்லாம் வழக்கு வரும். அதற்காக அவை எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி 'குதிரைச் சட்டம்' என்று ஒரு பாடம் நடத்துவோமா? சொத்துச் சட்டத்தையும் தீங்கியல் சட்டத்தையும் ஒப்பந்தச் சட்டத்தையும் ஒழுங்காகப் படித்தவருக்குக் குதிரை வழக்கும் விளங்கும், கணினி வழக்கும் விளங்கும். இதுதான் அவருடைய வாதம். 'குதிரைச் சட்டம்' என்ற பகிடிகூட அவருடையதில்லை. சிக்காகோ சட்டபீடத்தின் முன்னாள் பீடாதிபதி ஒருவர், தங்கள் பீடத்தில் அப்படியொரு பாடம் இல்லை என்று பெருமையாகச் சொல்வாராம்.

இப்ப எங்கட பக்கமும் 'செயற்கை நுண்ணறிவும் சட்டமும்' எண்டு கருத்தரங்கு வைக்கிறது ஒரு வழக்கமாய்ப் போச்சு. பதாகை, விருந்தினர் உரை, பின்னேரத் தேநீர், குழுப்படம். அதனால்தான் ஈஸ்டர்புரூக்கின் பகிடியில் இருந்து இந்தக் கதையைத் தொடங்குகிறோம். சட்டத்தையும் தொழில்நுட்பத்தையும் சமூக நீதியையும் ஒரே மேசையில் வைக்கிறோம் என்று சொன்ன பல்கலைக்கழகங்கள் உண்மையில் என்ன செய்தன? யாருக்காகச் செய்தன? இந்தக் கதை பெரும்பாலும் அமெரிக்காவில் நடந்தது. எனவே அங்கேயே வைத்துப் பார்ப்போம்.

ஈஸ்டர்புரூக்குக்கு மறுமொழி 1999இல் வந்தது. லோரன்ஸ் லெசிக், ஹார்வர்ட் சட்ட சஞ்சிகையில் அதே குதிரையைத் தலைப்பில் வைத்து ஒரு கட்டுரை எழுதினார். அதே வருடம் அவருடைய புத்தகமும் வந்தது. அவர் சொன்னது சுருக்கமாக இது: மனிதரைக் கட்டுப்படுத்துவது சட்டம் மட்டுமில்லை. வழமை கட்டுப்படுத்தும், சந்தை கட்டுப்படுத்தும், பொருட்களின் அமைப்பும் கட்டுப்படுத்தும். இணையத்தில் அந்த அமைப்பின் பெயர் நிரல். நிரலை எழுதுகிறவர் ஒருவகையில் சட்டத்தையும் எழுதுகிறார்.

இதை விளங்கிக்கொள்ள எங்கட ஊர் வேலியே போதும். வளவுக்குள் மாடு வரக்கூடாது என்று பலகையில் எழுதி வைக்கலாம். அது சட்டம், மாடு வாசிக்காது. வேலியில் கடப்பு வைக்கலாம். ஆள் காலைத் தூக்கிக் கடப்பார், மாடு கடக்காது. இது அமைப்பு. பலகையை மீறலாம், வாதாடலாம், தண்டப்பணம் கட்டலாம். கடப்போடு வாதாட ஏலாது. இன்னொன்றும் இருக்கிறது. மாட்டுக்கென்று வைத்த கடப்பு முழங்கால் நோவுள்ள ஆச்சியையும் தடுக்கும். அதை வைத்தவர் ஆச்சியை நினைத்திருக்கவே மாட்டார், ஆச்சிக்கு முறையிட இடமும் இல்லை. லெசிக்கின் கோட்பாட்டில் கடப்பு இருந்தது. ஆச்சி வந்து சேர இன்னும் பல வருடங்கள் எடுத்தன.

அந்த முதல் தலைமுறைத் திட்டங்களின் பெரிய சண்டை எதைப் பற்றியது என்று பார்த்தால் இது தெரியும். 1998இல் அமெரிக்கா பதிப்புரிமைக் காலத்தை 20 வருடம் நீட்டியது. பதிப்புரிமை முடிந்த பழைய புத்தகங்களை இணையத்தில் ஏற்றிக்கொண்டிருந்த எரிக் எல்ட்ரெட் வழக்குப் போட்டார். அவருக்குப் பின்னால் ஹார்வர்டின் பேர்க்மன் மையத்தைச் சேர்ந்தவர்கள் நின்றார்கள். 2002 ஒக்டோபரில் உச்ச நீதிமன்றத்தில் லெசிக் வாதாடினார். 2003 ஜனவரியில் ஏழுக்கு இரண்டு என்று தோற்றார்கள். ஆனால் அந்தச் சண்டையின் சூட்டில் 2001இல் பிறந்த கிரியேட்டிவ் கொமன்ஸ் அமைப்பின் உரிமம் நிலைத்துவிட்டது. இன்றைக்கு நாங்கள் தமிழ் விக்கிப்பீடியாவில் இருந்து ஒரு பந்தியை எடுத்துப் பகிர முடிகிறது என்றால் அது அந்த உரிமத்தினால்தான். அதைச் சின்ன வேலை என்று சொல்லமாட்டோம். ஆனால் அந்த வழக்குகளில் கட்சிக்காரர் யார்? கணினி வைத்திருப்பவர், எழுதுபவர், பகிர்பவர். தன் வீட்டில் கணினி இல்லாத, ஆனால் தன்மேல் கணினி பாவிக்கப்படுகிற மனிதர் அந்த வழக்குகளில் எங்கேயும் இல்லை.

அந்த மனிதர் வேறு ஒரு வாசலால் ஏற்கனவே பல்கலைக்கழகத்துக்குள் வந்திருந்தார். அந்த வாசலுக்கு 'தொழில்நுட்பச் சட்டம்' என்று பெயர்ப்பலகை இருக்கவில்லை.

இதற்குக் கொஞ்சம் பின்னுக்குப் போகவேண்டும். அமெரிக்கச் சட்டக் கல்வியை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் கிறிஸ்தோபர் லாங்டெல். 1870இல் ஹார்வர்ட் சட்டபீடத்தின் பீடாதிபதியாக வந்தவர். மேன்முறையீட்டுத் தீர்ப்புகளை வகுப்பில் வாசித்து, அவற்றிலிருந்து சட்டக் கோட்பாட்டை உருவி எடுப்பது அவருடைய முறை. நூலகம்தான் ஆய்வுகூடம். இதில் கட்சிக்காரர் என்று ஒருவர் வகுப்புக்குள் வரவே மாட்டார். 1933இல் ஜெரோம் பிராங்க் என்ற சட்டத்தரணி (பிறகு நீதிபதியானவர்) ஒரு கேள்வி கேட்டார்: வைத்திய மாணவன் ஆஸ்பத்திரியில் நோயாளியைத் தொட்டுப் படிக்கிறான், சட்ட மாணவன் மட்டும் ஏன் புத்தகத்தில் படிக்கிறான்? சட்டத்துக்கும் 'கிளினிக்' வேண்டும் என்றார். அந்தக் கேள்விக்குக் காசு கிடைக்க 35 வருடம் எடுத்தது. 1968இல் போர்ட் அறக்கட்டளையின் பணத்தோடு சட்ட கிளினிக்குகளை ஊக்குவிக்க ஒரு சபை உருவாக, 1970களில் கிளினிக்குகள் பரவின. ஏழைகளின் வாடகை வழக்கு, சிறைக்கைதிகளின் முறைப்பாடு எல்லாம் விரிவுரையாளரின் மேற்பார்வையில் மாணவர் கைக்கு வந்தன.

இந்த மரபில் இருந்துதான் பரி ஷெக் வந்தார். நியூயோர்க்கின் கார்டோசோ சட்டக் கல்லூரியில் விரிவுரையாளர். அவரும் பீற்றர் நியூபெல்டும் முன்பு பிராங்ஸ் பகுதியில் இலவசச் சட்ட உதவி வழக்கறிஞர்களாக இருந்தவர்கள். 1989இல் பிராங்ஸ் நீதிமன்றத்தில் காஸ்ட்ரோ என்பவர்மீது ஒரு கொலை வழக்கு நடந்தது. அவருடைய கைக்கடிகாரத்தில் ஓர் இரத்தத் துளி. அது கொல்லப்பட்ட பெண்ணுடையது என்று ஒரு தனியார் ஆய்வுகூடம் டி.என்.ஏ பரிசோதனை செய்து சொன்னது. அந்த நாட்களில் டி.என்.ஏ என்றால் நீதிமன்றமே வாயைப் பொத்திவிடும். பிரதிவாதி தரப்புச் சட்டத்தரணிகளுக்கு அது விளங்காது, விளங்காததைக் குறுக்கு விசாரணை செய்யவும் முடியாது. ஷெக்கும் நியூபெல்டும் அதை விளங்கிக்கொள்ள உட்கார்ந்தார்கள். விஞ்ஞானிகளிடம் போய்ப் படித்தார்கள். ஆய்வுகூடத்தின் மூலப் படங்களைக் கேட்டு வாங்கினார்கள். பார்த்தால் அந்தக் கோடுகளை வாசித்த முறையிலேயே பிழைகள். அதற்குப் பிறகு நடந்ததுதான் விசேஷம். வழக்குத் தொடுநர் தரப்பு விஞ்ஞானிகளும் பிரதிவாதி தரப்பு விஞ்ஞானிகளும் நீதிமன்றத்துக்கு வெளியே சந்தித்து, இந்தத் தரவு நம்பத்தக்கதல்ல என்று சேர்ந்தே எழுதிக் கொடுத்தார்கள். அந்த இரத்தம் கொல்லப்பட்டவருடையது என்ற முடிவை நீதிபதி ஏற்கவில்லை. அது காஸ்ட்ரோவின் இரத்தம் அல்ல என்பதை மட்டும் ஏற்றார்.

காஸ்ட்ரோ பிறகு குற்றத்தை ஒப்புக்கொண்டார். இதை மறைக்கத் தேவையில்லை. அந்த வழக்கு காட்டியது அவர் நிரபராதி என்பதை அல்ல. 'இயந்திரம் சொல்லிவிட்டது' என்ற வாக்கியத்துக்குப் பிறகும் கேள்வி கேட்கலாம் என்பதைத்தான் காட்டியது. பரிசோதனையை ஒழுங்காகச் செய்தால் அதே டி.என்.ஏ ஒருவரை விடுவிக்கவும் உதவும் என்பது அடுத்த படி. 1992இல் இருவரும் கார்டோசோவில் 'இன்னொசன்ஸ் புரொஜெக்ட்' என்ற கிளினிக்கைத் தொடங்கினார்கள். சிறையில் இருந்து வருகிற கடிதங்களை மாணவர்கள் வாசிப்பார்கள். பழைய வழக்கில் சான்றுப்பொருள் இன்னும் எங்காவது ஒரு பெட்டியில் கிடக்கிறதா என்று பொலிஸ் நிலையங்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் தொலைபேசி எடுப்பார்கள். நீளமான, அலுப்பான, சம்பளமில்லாத வேலை. 1989க்கும் 2020க்கும் இடையில் அமெரிக்கா முழுவதும் டி.என்.ஏயினால் நிரபராதி என்று நிரூபிக்கப்பட்டவர்கள் 375 பேர். அதில் 21 பேர் மரண தண்டனைக் கைதிகளாக இருந்தவர்கள்.

அந்த 375 பேரில் ஏறத்தாழ 69 வீதமானோரின் வழக்குகளில் கண்கண்ட சாட்சி ஆளை மாறி அடையாளம் காட்டியிருந்தார். வேண்டுமென்று பொய் சொன்னவர்கள் அல்ல, அனேகமானோர் உண்மையாகவே நம்பிச் சொன்னவர்கள். மனிதக் கண் முகத்தைப் பிழையாகப் பிடிக்கும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை. அப்படியென்றால் மனிதக் கண்ணுக்குப் பதிலாக இயந்திரக் கண்ணை வைத்தால் என்ன? முகத்தை அடையாளம் காணும் மென்பொருள் இந்த வாக்குறுதியோடுதான் பொலிஸாரிடம் வந்தது.

இடையில் தொழில்நுட்பத் திட்டங்களும் கிளினிக் மரபும் கைகோர்க்கத் தொடங்கியிருந்தன. 2001இல் பேர்க்லியில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகச் சட்டபீடத்தில் சாமுவல்சன் கிளினிக் திறக்கப்பட்டது. தொழில்நுட்பத்தில் பொதுநலன் சார்ந்த வழக்குகளை மாணவர் எடுத்து நடத்துகிற முதல் கிளினிக் அதுதான் என்று சொல்லப்படுகிறது. தொடக்கத்தில் அங்கேயும் பதிப்புரிமைதான் அதிகம். ஆனால் 2017இல் அவர்கள் வெளியிட்ட ஓர் அறிக்கை, கலிபோர்னியாவில் சிறுவர்களின் கணுக்காலில் பூட்டப்படுகிற இலத்திரனியல் கண்காணிப்புக் கருவி பற்றியது. ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒவ்வொரு விதி. வீட்டைவிட்டு எப்ப வெளிக்கிடலாம், யாரிடம் எவ்வளவு முந்தி அனுமதி கேட்கவேண்டும் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பக்கம் பக்கமாக நிபந்தனைகள். அந்த விதிகளை மாவட்டம் மாவட்டமாகச் சேகரித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான் அவற்றின் விசர்த்தனம் வெளியில் தெரிந்தது. ஆச்சி வளவுக்கு வந்துவிட்டார் என்று சொல்லலாம்.

ஜோர்ஜ்டவுன் சட்டபீடத்தின் தனியுரிமை மற்றும் தொழில்நுட்ப மையம் 2014இல் தொடங்கியது. அல்வாரோ பெடோயா அதன் முதல் பணிப்பாளர். ஜோர்ஜ்டவுன் சட்ட மாணவர்களும் எம்.ஐ.டியின் பொறியியல் மாணவர்களும் சேர்ந்து சட்டமூலம் வரைகிற ஒரு வகுப்பும் அந்தக் காலத்தில் நடந்தது. நல்ல யோசனைதான். ஆனால் இந்த மையத்தை மற்றவற்றிலிருந்து வேறாக்கியது 2016 ஏப்ரலில் அவர்கள் வைத்த ஒரு மாநாடு. 'கண்காணிப்பின் நிறம்' என்பது அதன் தலைப்பு. தனியுரிமை என்றால் எல்லாருக்கும் பொதுவான பிரச்சினை என்று பேசிப் பழகிய ஒரு துறையில், கண்காணிப்பு எப்போதும் சிலர்மேல்தான் முதலில் விழுகிறது என்று தலைப்பிலேயே எழுதினார்கள். மார்ட்டின் லூதர் கிங்கை எப்.பி.ஐ ஒட்டுக்கேட்டது அங்கே பேசப்பட்டது.

டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் சிமோன் பிரவுன் 2015இல் எழுதிய புத்தகம் இன்னும் பின்னுக்குப் போகிறது. 1713இல் நியூயோர்க் நகரசபை ஒரு சட்டம் போட்டது. இருட்டின பிறகு, எசமான் கூட இல்லாமல் தெருவில் நடக்கிற கறுப்பின, பூர்வகுடி அடிமைகள் கையில் எரிகிற விளக்கோடு போகவேண்டும். விளக்கு அவர்கள் வழி பார்ப்பதற்காக இல்லை, மற்றவர்கள் அவர்களைப் பார்ப்பதற்காக. வெள்ளைக்காரன் இருட்டிலே சும்மா நடக்கலாம். விளக்கும் ஒரு தொழில்நுட்பம்தான். யாருடைய முகம் எப்போதும் வெளிச்சத்தில் இருக்கவேண்டும் என்று சட்டம் 300 வருடத்துக்கு முந்தியே தீர்மானித்திருக்கிறது.

அதே 2016 ஒக்டோபரில் அந்த மையத்தின் பெரிய அறிக்கை வந்தது. அதன் தலைப்பைத் தமிழில் சொன்னால் 'முடியாத அடையாள அணிவகுப்பு'. கிளெயர் கார்வி, பெடோயா, ஜொனதன் பிராங்கிள் ஆகிய மூவர் எழுதியது. மூன்றாமவர் கணினி விஞ்ஞானி. அவர்கள் எந்தக் கணினிக்குள்ளும் ஊடுருவவில்லை, எவருடைய இரகசியத்தையும் திருடவில்லை. நாடு முழுவதும் 100க்கு மேற்பட்ட பொலிஸ் திணைக்களங்களுக்குத் தகவல் கோரிக் கடிதம் எழுதினார்கள். முகம் காணும் மென்பொருளை நீங்கள் பாவிக்கிறீர்களா? எந்தப் படங்களில் தேடுகிறீர்கள்? விதி இருக்கிறதா? வந்த பதில்களைக் கூட்டிப் பார்த்தால், 117 மில்லியனுக்கு மேற்பட்ட அமெரிக்க வயதுவந்தவர்களின் முகங்கள், அதாவது இரண்டு பேரில் ஒருவருடையது, பொலிஸ் தேடக்கூடிய படத் தொகுதிகளுக்குள் கிடந்தன. அனேகம் பேர் எந்தக் குற்றமும் செய்யாதவர்கள். சாரதி அனுமதிப்பத்திரம் எடுக்கப் போய்ப் படத்துக்கு இருந்தவர்கள், அவ்வளவுதான். மென்பொருளைப் பாவித்ததாகத் தெரிந்த 52 அமைப்புகளில், ஆர்ப்பாட்டத்துக்கும் கோயிலுக்கும் போகிறவர்களைப் பின்தொடர இதைப் பாவிக்கக்கூடாது என்று வெளிப்படையாக விதி எழுதி வைத்திருந்தது ஒன்றே ஒன்று.

அடையாள அணிவகுப்பு என்ற சொல்லை வாசித்தவுடன் எங்களுக்கு வேறொரு சொல் ஞாபகத்துக்கு வந்தது. எங்கட அம்மா அப்பாமாருக்கு அதை விளக்கத் தேவையில்லை: தலையாட்டி. சுற்றிவளைப்பு நாளில் ஊர்ச்சனத்தைப் பள்ளிக்கூட மைதானத்திலோ கோயில் வீதியிலோ கூட்டி, வரிசையாக நடக்க விடுவார்கள். முகத்தை மூடிய ஒருவர் வாகனத்துக்குள் இருப்பார். அவர் தலையை ஆட்டினால் போச்சு. அவர் யார் எண்டு தெரியாது. ஏன் ஆட்டினவர் எண்டு கேக்க ஏலாது. அவரையே வெருட்டி இருத்தி இருக்கலாம், பழைய கோபம் இருக்கலாம், வெயிலுக்குள்ள ஆள் மாறுப்பட்டும் இருக்கலாம். தலையாட்டலுக்குக் குறுக்கு விசாரணை கிடையாது. இராணுவச் சுற்றிவளைப்பும் டெட்ரோயிட் நகரப் பொலிஸாரின் மென்பொருளும் ஒன்று என்று சொல்லவரவில்லை. ஆனால் முகத்தை வரிசையில் விட்டு, முகம் தெரியாத ஒன்றிடம் தீர்ப்பைக் கொடுக்கிற அந்த அமைப்பு எங்களுக்கு அந்நியமானதில்லை. வித்தியாசம் என்னவென்றால், எங்கட வரிசை பின்னேரத்தோடு கலையும். இந்த வரிசையில் நிற்கிறோம் என்பதே நிற்கிறவர்களுக்குத் தெரியாது.

இடையில் ஒன்று. இந்த அறிக்கை வந்த அதே 2016இல்தான் இலங்கையிலும் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் நிறைவேறியது. தேசிய பாதுகாப்பு என்று சொல்லி மறுக்க அதில் இடமிருக்கிறது. ஆனால் மறுத்தால் ஆணைக்குழுவிடம் மேன்முறையீடு செய்யவும் இடமிருக்கிறது. ஜோர்ஜ்டவுன்காரருக்கும் எல்லாரும் சிரித்துக்கொண்டு பதில் அனுப்பவில்லை. நியூயோர்க் பொலிஸிடம் இருந்து ஆவணம் எடுக்க 2017இல் வழக்கே போடவேண்டி வந்தது.

அந்த வழக்கினால் வெளியே வந்ததில் ஒரு கதை பகிடி போல இருக்கும். 2017இல் நியூயோர்க்கில் ஒரு கடையில் ஒருவர் பியர் களவெடுத்தார். கமெராவில் விழுந்த படம் மங்கல், மென்பொருள் யாரையும் காட்டவில்லை. ஆளைப் பார்க்க நடிகர் வூடி ஹாரல்சன் மாதிரி இருக்கிறார் என்று ஓர் அதிகாரிக்குத் தோன்றியது. கூகிளில் இருந்து நடிகரின் வடிவான படத்தை எடுத்து மென்பொருளுக்குள் போட்டார்கள். அது சிலரைக் காட்டியது. அதில் ஒருவரைத் தெரிந்து கைது செய்தார்கள். 2019 மே மாதம் கிளெயர் கார்வி இதை வெளியிட்டார். இயந்திரம் சரியா பிழையா என்ற கேள்விக்கே போகத் தேவையில்லை, அதற்குள் எதைப் போடுகிறார்கள் என்று பார்த்தாலே போதும்.

இயந்திரம் எவ்வளவு பிழை என்ற கேள்வியைப் பாஸ்டன் பக்கத்தில் வேறொருவர் கேட்டுக்கொண்டிருந்தார். எம்.ஐ.டி மீடியா லாபில் பட்டப்பின் மாணவியாக இருந்த ஜோய் புவோலம்வினி, கறுப்பினப் பெண். முகத்தைப் பிடிக்கிற மென்பொருள் அவருடைய முகத்தைப் பிடிக்கவில்லை, வெள்ளை முகமூடி ஒன்றைப் போட்டதும் பிடித்தது. அவரும் டிம்னிட் கெப்ருவும் 2018இல் செய்த ஆய்வில் மூன்று ஆபிரிக்க நாடுகளினதும் மூன்று வட ஐரோப்பிய நாடுகளினதும் நாடாளுமன்ற உறுப்பினர் 1,270 பேரின் படங்களை எடுத்து, பெரிய நிறுவனங்களின் மென்பொருட்கள் ஆணா பெண்ணா என்று சரியாகச் சொல்கின்றனவா என்று பார்த்தார்கள். வெள்ளைத் தோல் ஆண்களில் பிழை 0.8 வீதத்துக்கு மேல் போகவில்லை. கருந்தோல் பெண்களில் 34.7 வீதம் வரைக்கும் போனது. அடுத்த வருடம் அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமே 189 மென்பொருட்களைச் சோதித்தது. அவற்றில் பலவற்றில், ஒருவரை இன்னொருவராகப் பிழையாகப் பொருத்துவது ஆசிய, ஆபிரிக்க அமெரிக்க முகங்களில் 10 முதல் 100 மடங்குவரை அதிகம் என்றது.

எங்கள் பார்வையில் இந்த வரலாற்றின் முக்கியமான திருப்பம் இந்த எண்களில் இல்லை. 2016இல் ஜோர்ஜ்டவுன் அறிக்கை கேட்டது ஒழுங்குவிதி. நீதிமன்ற அனுமதி வேண்டும், தணிக்கை வேண்டும் என்று மாதிரிச் சட்டமூலமும் சேர்த்து வெளியிட்டார்கள். 2019இல் அதே மையம், பொலிஸ் இதைப் பாவிப்பதை முற்றாக இடைநிறுத்துங்கள் என்றது. மூன்று வருடம் ஆவணங்களை வாசித்ததன் விளைவு அது. நூலகத்தில் இருந்து மட்டும் எழுதியிருந்தால் இந்த இடத்துக்கு வந்திருப்பார்களா என்பது எங்களுக்குச் சந்தேகம். அதே மே மாதம் சான் பிரான்சிஸ்கோ நகரம் தன் பொலிஸுக்கு அதைத் தடை செய்தது.

பலகைக்கும் கடப்புக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மனிதருடைய வீட்டு வாசலில் எப்படி வந்து நின்றது என்பதை 2020 ஜனவரி காட்டியது. டெட்ரோயிட்டுக்குப் பக்கத்து நகரம் ஒன்றில், ரொபர்ட் வில்லியம்ஸ் என்ற கறுப்பினத்தவர் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து இறங்க, பொலிஸ் வந்து விலங்கு போட்டது. மனைவியும் 2 வயதும் 5 வயதுமான இரண்டு மகள்மாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2018இல் ஒரு கடையில் கைக்கடிகாரங்கள் களவு போயிருந்தன. கமெராவின் மங்கல் படத்தை மென்பொருளுக்குள் போட, அது இவருடைய காலாவதியான சாரதி அனுமதிப்பத்திரப் படத்தைக் காட்டியது. மென்பொருள் கொடுத்த தாளில், இது ஒரு துப்பு மட்டுமே, கைது செய்யப் போதுமான காரணம் அல்ல என்று எழுதியே இருந்தது. பலகை இருந்தது, மாடு வாசிக்கவில்லை. பிறகு ஆறு படங்களை வைத்து ஒருவரிடம் அடையாளம் கேட்டார்கள். கேட்கப்பட்டவர் சம்பவ இடத்தில் இருக்கவே இல்லை, அதே மங்கல் வீடியோவைப் பார்த்தவர் மட்டுமே. முதலில் இயந்திரம் தலையாட்டியது, பிறகு அதைப் பார்த்து மனிதர் தலையாட்டினார். இரண்டாவது தலையாட்டல் சாட்சியம் என்று கணக்கில் எடுக்கப்பட்டது. வில்லியம்ஸ் ஏறத்தாழ 30 மணித்தியாலம் காவலில் இருந்தார்.

வழக்கு 2021 ஏப்ரலில் தாக்கல் செய்யப்பட்டது. அமெரிக்கக் குடியுரிமைகள் சங்கத்தோடு சேர்ந்து அதை நடத்தியது மிச்சிகன் பல்கலைக்கழகச் சட்டபீடத்தின் குடிசார் உரிமைகள் கிளினிக். அதாவது மாணவர்கள். கோவையை வாசிப்பது, கேள்விகளைத் தயாரிப்பது, அதிகாரிகளின் வாக்குமூலத்துக்கு ஆயத்தம் செய்வது எல்லாம் கிளினிக் வேலை. அமெரிக்காவில் சட்டப் படிப்பு மூன்று வருடம், இந்த வழக்கு அதைவிட நீண்டது. தொடங்கிய பட்ச் முடிவைப் பார்க்க அங்கே இருக்கவில்லை, கோவையை அடுத்த பட்சிடம் கொடுத்துவிட்டுப் போனது.

இந்த முறையின் பலவீனமும் அங்கேதான். கிளினிக் எடுக்கிறது ஒரு வழக்கு, பொலிஸ் பாவிக்கிறது ஒவ்வொரு நாளும். வில்லியம்ஸின் வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, 2023 பெப்ரவரியில், அதே டெட்ரோயிட் பொலிஸ் அதே மாதிரி ஒரு பொருத்தத்தை வைத்து எட்டு மாதக் கர்ப்பிணி ஒருவரைக் கார்க் கொள்ளைக்காகக் கைது செய்தது. அவரும் கறுப்பினத்தவர், அவரும் அந்த ஆள் இல்லை. காசும் இன்னொரு பிரச்சினை. புவோலம்வினியின் ஆய்வு நடந்த அதே மீடியா லாபின் பணிப்பாளர், ஜெப்ரி எப்ஸ்டீனிடம் காசு வாங்கியது வெளியே வந்ததால் 2019 செப்டெம்பரில் பதவி விலகினார். நிறுவனங்களைத் தணிக்கை செய்கிற ஆய்வும் நிறுவனங்களின் நன்கொடையும் ஒரே கட்டடத்துக்குள் இருப்பது அங்கே புதினம் இல்லை. பிறகு, கிளினிக்கில் இருந்த மாணவர்களில் எத்தனைபேர் படிப்புக் கடனைக் கட்ட அதே தொழில்நுட்ப நிறுவனங்களின் சட்டத்தரணிகளாகப் போகவேண்டி வரும் எண்டு யோசிச்சால், 'சமூக நீதி' எண்ட சொல்லைக் கொஞ்சம் மெதுவாய்த்தான் உச்சரிக்கவேணும்.

இடைநிறுத்தம் கேட்ட மையமும் தன் வேலையை நிறுத்தவில்லை. 2022இல் அவர்கள் வெளியிட்ட அறிக்கை, அமெரிக்கக் குடிவரவு அமலாக்கத் துறை மூன்றில் ஒரு வயதுவந்தவரின் அனுமதிப்பத்திரப் படத்தில் முகத் தேடல் செய்திருக்கிறது என்றது. ஆவணமில்லாத குடியேறிகளும் பயமில்லாமல் அனுமதிப்பத்திரம் எடுக்கலாம் என்று சில மாநிலங்கள் சட்டம் கொண்டுவந்திருந்தன. அவர்கள் நம்பிப் போய்ப் படம் எடுத்தார்கள்.

டெட்ரோயிட் வழக்கு 2024 ஜூன் 28இல் இணக்கத்துக்கு வந்தது. 300,000 டொலர் நட்டஈடு. முகப் பொருத்தத்தை மட்டும் வைத்துக் கைது செய்யக்கூடாது. முகப் பொருத்தத்தில் வந்த ஒருவரை வேறு சான்று இல்லாமல் நேரே படவரிசையில் வைத்து அடையாளம் கேட்கவும் கூடாது. இரண்டு தலையாட்டிகளை அடுத்தடுத்து வைக்கிற அந்த வித்தைக்கு இதனால் தடை வந்தது. 2017இலிருந்து இந்த மென்பொருளை வைத்துப் பிடியாணை எடுத்த எல்லா வழக்குகளையும் பொலிஸ் திரும்பப் பார்க்கவேண்டும். மென்பொருளைப் பாவிப்பது தடை செய்யப்படவில்லை. உடன்படிக்கையை நீதிமன்றம் அமுல்படுத்தக்கூடிய காலம் நான்கு வருடம். அது 2028இல் முடியும்.